கென்யாவில் பறவை பார்க்க எப்போது போவது, எங்கே தங்குவது?

நீங்கள் கேட்டது இது: கணவன், மனைவி, எட்டாம் வகுப்பு படிக்கும் மகள். மூவருக்கும் பறவை பார்க்கும் பழக்கம் உண்டு. கையில் பன்னிரண்டு நாள் இருக்கிறது. பயண ஏஜென்ட் கொடுத்த திட்டத்தில் ஒன்பது நாளில் கென்யாவும் தான்சானியாவும் சேர்த்து எட்டு சரணாலயங்கள் வருகின்றன. ஆகஸ்டில் போனால்தான் வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் கூட்டம் ஆறு தாண்டுவதைப் பார்க்கலாம் என்கிறார். பறவைகளுக்கும் அதுதான் நல்ல காலமா, இல்லை மே விடுமுறையில் போய்விடலாமா?

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டும் வேண்டாம், மேயும் வேண்டாம், எட்டு சரணாலயம் வேண்டவே வேண்டாம். கென்யா மட்டும் போதும். அதிலும் நைரோபி தவிர நான்கு இடங்கள் போதும். பொங்கல் விடுமுறையோடு மகளுக்குப் பள்ளியில் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜனவரி நடுவில் கிளம்புங்கள். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இவ்வளவு செலவு செய்து போகிற பயணம் முழுக்க வண்டியின் பின்சீட்டிலேயே கழிந்துவிடக் கூடாது.

நான் முதல் முறை போனபோது நடந்தது அதுதான். ஆறு பேர் சேர்ந்து போகும் வேன், எட்டு நாளில் ஆறு இடம். கென்யாவின் மாசாய் மாரா காப்பகத்தில் இரண்டாம் நாள் காலை புல்வெளியில் ஒரு செக்ரட்டரி பறவை நடந்து போய்க்கொண்டிருந்தது, நாற்பது ஐம்பது அடி தூரம்தான். கொக்கு மாதிரி நீண்ட கால், பருந்தின் முகம், தலைக்குப் பின்னால் கறுப்பு இறகுகள் செருகி வைத்தது போலக் கொண்டை. பாம்பைக் காலால் மிதித்தே கொல்லும் பறவை அது, படத்தில் பார்த்துப் பார்த்து ஏங்கியது. வண்டியை நிறுத்தச் சொன்னேன். அதற்குள் வயர்லெஸ்ஸில் எங்கோ சிறுத்தை என்று செய்தி வர, மற்ற ஐந்து பேரும் போகலாம் போகலாம் என்று சொல்ல, ஓட்டுநர் கிளம்பிவிட்டார். நாற்பது நிமிடம் புழுதியில் ஓடிப் போனால் அங்கே ஏற்கெனவே இருபது வண்டிகள், நடுவில் ஒரு மரம், மரத்தில் ஒரு வால். அன்று எனக்குக் கிடைத்தது அந்த வால்தான். அந்த வேனில் வந்தவர்கள் மீதும் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் வந்த நோக்கம் வேறு. ஆனால் பறவை பார்க்கிறவர்கள் மற்றவர்களோடு ஒரே வண்டியில் போகக் கூடாது என்பதை அன்றே முடிவு செய்துவிட்டேன். அதற்குப் பிறகு நான்கு முறை போயிருக்கிறேன், எல்லாம் தனி வண்டிதான்.

சரி, காலம். கென்யாவில் பொதுவாக மார்ச் முதல் மே வரை பெருமழை, அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை சிறுமழை. நம் கோடை விடுமுறை அந்தப் பெருமழையின் நடுவில் போய் விழுகிறது. விடுதிகள் மலிவாகக் கிடைக்கும், காடு பச்சைப் பசேலென்று இருக்கும், உண்மைதான், ஆனால் மாராவின் கரிசல் மண் மழையில் ஊறிவிட்டால் வண்டி அச்சு வரை இறங்கிவிடும், ஒரு முழுக் காலையைச் சேற்றிலேயே தொலைக்க நேரும். நமக்குப் பழக்கமான பருத்திக்காட்டு மண்ணேதான் அது. மழைக்குப் பிறகு கரிசல் காட்டில் வண்டி ஓட்டியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஆகஸ்டில் வறண்ட காலம், விலங்குகளும் ஏராளம். தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து வில்டபீஸ்டும் வரிக்குதிரையும் லட்சக்கணக்கில் ஜூலை வாக்கில் மாராவுக்குள் வந்து அக்டோபர் வரை இருக்கும். பார்க்க வேண்டிய காட்சிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆறு தாண்டும் இடத்தில் உலகமே கூடியிருக்கும். மந்தை கரையில் வந்து நின்று, தயங்கி, திரும்பிப் போய், மறுபடி வந்து, நான்கைந்து மணி நேரம் அப்படியே ஓடிவிடும், கடைசியில் தாண்டாமலே போகவும் செய்யும். அந்த ஐந்து மணி நேரத்தில் ஆற்றோரக் காட்டில் எத்தனை பறவை பார்த்திருக்கலாம் என்று உங்களுக்கு மனசு அடித்துக்கொள்ளும். கட்டணமும் அப்படித்தான். 2024 முதல் மாசாய் மாரா தேசியக் காப்பகத்தின் வெளிநாட்டினர் கட்டணம் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். சிறுவர்களுக்குக் குறைவு. அந்த நாள் என்பது காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரைதான். பதிவு செய்யும்போது அன்றைய கட்டணத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், அடிக்கடி மாற்றுகிறார்கள்.

பறவைகளுக்கு நவம்பர் முதல் மார்ச் வரைதான் பொற்காலம். ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வலசை வந்த தகைவிலான்களும் பூனைப்பருந்துகளும் உள்ளான்களும் வாலாட்டிகளும் உள்ளூர்ப் பறவைகளோடு கலந்து நிற்கும். கென்யாவில் இதுவரை பதிவான பறவை இனங்கள் ஆயிரத்துக்கு மேல். இந்தியாவில் சுமார் 1,350 என்கிறார்கள், ஆனால் நம் நாட்டின் பரப்பில் கென்யா ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 1986 நவம்பர் கடைசியில் மூன்று பறவையாளர்கள் கென்யாவில் ஒரே நாளில் 342 இனங்களைப் பார்த்து உலக சாதனை செய்தார்கள் என்றால் அடர்த்தியை யோசித்துக்கொள்ளுங்கள். நீங்கள் அப்படி ஓட வேண்டியதில்லை. ஆனால் நிதானமாகப் போனாலே பன்னிரண்டு நாளில் முந்நூறைத் தொடலாம்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. நாகாலாந்தில் அக்டோபர் நவம்பரில் லட்சக்கணக்கில் வந்து இறங்கும் அமூர் வல்லூறு இந்தியாவைக் குறுக்கே கடந்து, அரபிக்கடலை நிற்காமல் தாண்டி ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் ஏறுகிறது. கென்யாவின் சாவோ பகுதி வழியாகப் போய்த் தெற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. நம் ஊர்ச் சுடலைக் குயிலின் இனமும் இரண்டு கண்டங்களுக்கும் பொது. நைவாஷா ஏரியில் நீர் மேல் படபடத்து நிற்கும் கருப்பு வெள்ளை மீன்கொத்தியைப் பார்க்கும்போது உங்கள் மகள் 'அட, இது நம்ம குளத்துல இருக்கிறதுதானே' என்பாள். ஆமாம், அதே இனம்தான். சின்னக் கொக்கு, சாம்பல் நாரை, நெடுங்கால் உள்ளான், கருந்தோள் பருந்து, எல்லாம் அதே. அதனால் முதல் நாளிலேயே திகைத்துப் போக மாட்டீர்கள், தெரிந்த முகங்களுக்கு நடுவே புதியவர்களை அறிமுகம் செய்துகொள்வது போலத்தான் இருக்கும்.

இப்போது இடங்கள். என் பரிந்துரை: நைரோபி ஒரு இரவு, சம்புரு மூன்று, பாரிங்கோ ஏரி இரண்டு, நைவாஷா இரண்டு, மாரா மூன்று. மொத்தம் பதினோரு இரவு.

நைரோபியில் இறங்கியதுமே பறவை தொடங்கிவிடும். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் சாலையோரக் கருவேல மரங்களில் மராபூ நாரைகள் கூடு கட்டி உட்கார்ந்திருக்கும், ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவு, வழுக்கைத் தலை, தொங்கும் பை. அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், எனக்குப் பிடிக்கும். முதல் நாள் மதியம் தூங்காமல் நைரோபி தேசியப் பூங்காவுக்குப் போய்விடுங்கள். 1946ல் தொடங்கியது, 117 சதுர கிலோமீட்டர்தான், பின்னால் நகரத்தின் அடுக்குமாடிகள் தெரியும், முன்னால் காண்டாமிருகம் மேயும். சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, தீக்கோழி எல்லாம் அங்கேயே உண்டு. அன்றைக்கே பெரிய விலங்குகளைக் கொஞ்சம் பார்த்துவிட்டால் மறுநாளிலிருந்து மனம் அடங்கிப் பறவைக்கு இடம் கொடுக்கும், இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

சம்புரு வடக்கே, நைரோபியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. நான்யுகி ஊரில் நிலநடுக்கோட்டைத் தாண்டுவீர்கள். அதுவரை பச்சை வயலும் கென்யா மலையும், அதற்கப்புறம் சாலை இறங்க இறங்க நிலம் காய்ந்து, முள்ளும் செம்மண்ணுமாக ஆகிவிடும், ராமநாதபுரம் பக்கம் வந்துவிட்டது போல. நடுவில் எவாசோ நிரோ என்ற பழுப்பு ஆறு, கரையில் டூம் பனை. நம் பனை ஒற்றைத் தடியாக நிற்கும், இது கிளை பிரிந்து நிற்கும், அதைப் பார்க்கவே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தெற்கில் பார்க்க முடியாத விலங்குகள் இங்கே: மெல்லிய கோடுகள் நெருக்கமாக ஓடும் கிரேவி வரிக்குதிரை, வலைப்பின்னல் தோலுள்ள ஒட்டகச்சிவிங்கி, பின்னங்காலில் நிமிர்ந்து நின்று இலை தின்னும் கெரனுக் மான். பறவைகளில் வல்ச்சரைன் கினிக்கோழி. தலை பாறு (பிணந்தின்னிக் கழுகு) போல மொட்டை, கழுத்திலிருந்து மார்பு வரை வெள்ளையும் கறுப்புமாகத் தோரணம், அதன் கீழே ஒரு நீலம், மயில் கழுத்தையும் மிஞ்சும். காலையில் கூட்டம் கூட்டமாக ஆற்றுக்கு வரும். சிறு மூளையுள்ள இந்தப் பறவை, குடும்பம் சேர்ந்து கூட்டம், கூட்டம் சேர்ந்து பெருங்கூட்டம் என்று பல அடுக்காக வாழ்வதையும் யார் எந்தக் கூட்டத்தோடு சேருவது என்பதில் கணக்கு வைத்திருப்பதையும் பக்கத்து லைக்கிப்பியாவில் ஆராய்ந்து 2019ல் வெளியிட்டார்கள். மகளிடம் இதைச் சொல்லிவிட்டு ஒரு அரை மணி நேரம் அந்தக் கூட்டத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் கோரி பஸ்டர்ட். நம் கானமயிலின் ஆப்பிரிக்க உறவு, பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவற்றில் ஒன்று, ஆண் பதினைந்து கிலோவையும் தாண்டும். அது புல்லில் நடக்கும்போது சில வேளை செந்நிறப் பஞ்சுருட்டான் ஒன்று அதன் முதுகில் சவாரி செய்யும், காலடியில் கிளம்பும் பூச்சியைப் பறந்து பிடித்துவிட்டு மறுபடி முதுகுக்கே வரும். ராஜஸ்தானில் கானமயில் அருகிப் போய் நிற்கும் நிலையை நினைத்துக்கொண்டே இதைப் பார்த்தேன். அங்கே கோரி பஸ்டர்டை எளிதில் பார்க்கலாம்.

சம்புருவிலிருந்து பாரிங்கோவுக்கு ஒரு முழுப் பகல் ஆகும், கையில் சாப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தைப் பெரும்பாலான ஏஜென்டுகள் திட்டத்தில் சேர்க்க மாட்டார்கள், ஏனென்றால் இங்கே சிங்கம் இல்லை. பறவைக்காரர்களுக்கு இது திருத்தலம். கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கின் (ரிஃப்ட் வேலி) நன்னீர் ஏரி, பின்னால் செங்குத்தான பாறைச் சுவர். ஏரிக்கரை ஊர்களில் பறவை வழிகாட்டிகளாகவே வளர்ந்த இளைஞர்கள் இருக்கிறார்கள், எந்த முள்மரத்தில் எந்த ஆந்தை பகலில் உறங்குகிறது, எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் பக்கி என்ற இராப்பறவை உட்கார்ந்திருக்கிறது என்று விரல் நீட்டிக் காட்டுவார்கள். நான் ஒரு பக்கியை நான்கடி தூரத்தில் நின்றும் இரண்டு நிமிடம் கண்டுபிடிக்க முடியாமல் தவித்தேன், உலர்ந்த இலைக் குவியல் என்றே நினைத்தேன், அது கண்ணை ஒரு கோடாகத் திறந்தபோதுதான் தெரிந்தது. காலையில் பாறைச் சுவரடியில் நடை, மாலையில் படகு. கோலியாத் நாரையைப் படகிலிருந்து பாருங்கள், சாம்பல் நாரையின் குடும்பத்திலேயே மிகப் பெரியது, உங்கள் மகளின் உயரம் இருக்கும். இங்கே இரண்டு விஷயம் கவனம். 2010க்குப் பிறகு பள்ளத்தாக்கு ஏரிகள் எல்லாம் ஏறிக்கொண்டே வந்து கரையோர விடுதிகள் சில மூழ்கிவிட்டன, அதனால் பழைய பயணக் குறிப்பைப் பார்த்து இடம் பதிவு செய்யாதீர்கள். அப்புறம் பாரிங்கோ மாவட்டத்தின் சில பகுதிகளில் கால்நடைத் திருட்டை ஒட்டிய மோதல்கள் அவ்வப்போது வெடிக்கும். ஏரிப் பக்கம் நிலைமை எப்படி என்று கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் வழிகாட்டியிடமே கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அந்த இரண்டு இரவையும் நைவாஷாவுக்குக் கொடுத்துவிடுங்கள்.

பாரிங்கோவுக்குத் தெற்கே போகோரியா ஏரி. பூநாரைக்காக எல்லாரும் நகுருவைச் சொல்வார்கள், பழைய படங்களில் ஏரிக்கரையே இளஞ்சிவப்பாக இருக்கும். இப்போது அப்படி இல்லை. சிறிய பூநாரையின் உணவு உப்பும் காரமும் நிறைந்த நீரில் வளரும் நீலப்பச்சைப் பாசி. மழையில் நகுரு ஏரி பெருத்து நீர் நீர்த்துப் போனதும் பாசி குறைந்தது, பறவைகளும் பிரிந்துபோய்விட்டன, பெருங்கூட்டத்தைப் பெரும்பாலும் போகோரியாவில்தான் பார்க்கலாம். கரையில் வெந்நீர் ஊற்றுகள் கொதித்துப் பீறிடும், அந்த ஆவிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கில் பூநாரை. கோடியக்கரையில் பூநாரை பார்த்திருப்பீர்கள், நாம் வழக்கமாகப் பார்ப்பது பெரிய இனம், இது சிறியது, நிறம் இன்னும் அடர்ந்தது. பாரிங்கோவிலிருந்து நைவாஷா போகிற வழியில் அரை நாள் ஒதுக்கினால் போதும். நகுரு பூங்காவை நான் விட்டுவிடுவேன், கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு வகைக் காண்டாமிருகமும் கட்டாயம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் மட்டும் சேருங்கள்.

நைவாஷா ஓய்வுக்கு. பாப்பிரஸ் கோரை, மீன் கழுகின் கூவல், இரவில் விடுதிப் புல்வெளிக்கு மேய வரும் நீர்யானை. இருட்டிய பிறகு காவலாளி இல்லாமல் அறையை விட்டு வெளியே வராதீர்கள், இதில் சமரசமே கிடையாது. பக்கத்தில் ஹெல்ஸ் கேட் தேசியப் பூங்கா, வாடகை சைக்கிளில் வரிக்குதிரைகளுக்கு நடுவே போகலாம், மகளுக்கு இந்த ஒரு நாள்தான் கடைசி வரை நினைவிருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் பாறைச் சுவர்களில் ரூப்பெல் பாறு உட்காரும். 1973ல் ஐவரி கோஸ்டின் அபிஜான் நகருக்கு மேலே 11,300 மீட்டர் உயரத்தில் ஒரு விமானத்தில் மோதியது இந்த இனம்தான், பறவைகள் பறந்த உயரங்களில் அதுதான் சாதனை.

மாராவைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. முதலிலேயே மாரா போனால் மற்ற இடங்கள் சப்பென்று தோன்றும் என்பார்கள், அது ஒரு பக்கம். எனக்குப் பெரிய காரணம், எட்டு நாள் பழகிய கண்ணோடு அந்தப் புல்வெளிக்குள் போக வேண்டும் என்பதுதான். தங்குவதற்குத் தேசியக் காப்பகத்தை ஒட்டியுள்ள கன்சர்வன்சிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நபோய்ஷோ, மாரா நார்த், ஒலாரே மோட்டரோகி, ஓல் கின்யே என்று பல இருக்கின்றன. நிலம் மாடு மேய்க்கும் மாசாய் பழங்குடிக் குடும்பங்களுக்குச் சொந்தம், விடுதிகள் அவர்களுக்கு மாதாமாதம் குத்தகை கட்டுகின்றன, அவர்கள் அந்த நிலத்துக்கு வேலி போடாமல் விலங்குகளுக்கு விடுகிறார்கள். படுக்கைகளின் எண்ணிக்கைக்கும் ஒரு விலங்கைச் சுற்றி நிற்கும் வண்டிகளுக்கும் உச்சவரம்பு உண்டு. காப்பகத்துக்குள் அனுமதிக்கப்படாத நடைப்பயணமும் இரவுப் பயணமும் இங்கே உண்டு, ஆனால் நடைக்கு வயது வரம்பு வைத்திருப்பார்கள், பதிவுக்கு முன்பே மகளின் வயதைச் சொல்லிக் கேளுங்கள். வாடகை அதிகம்தான். வேறு இடத்தில் மிச்சம் பிடித்து இங்கே செலவழியுங்கள் என்பேன்.

வண்டிகளின் நெரிசல் நம் வசதிக் குறைவு மட்டும் இல்லை. மாராவில் சிவிங்கிப்புலிகளைப் பற்றி 2018ல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. சுற்றுலா வண்டிகள் நிறைந்த பகுதிகளில் ஒரு தாய் ஓர் ஈற்றில் வளர்த்து ஆளாக்கும் குட்டிகள் சராசரியாக 0.2 மட்டும். வண்டிகள் குறைந்த பகுதியில் 2.3. வேட்டையைக் கலைத்துவிடுகிறோம், தாய் பதறுகிறது, குட்டிகள் கழுதைப்புலிக்கும் சிங்கத்துக்கும் போகின்றன. அந்த எண்களைப் படித்த பிறகு சிவிங்கிப்புலியைச் சுற்றி ஐந்தாவது வண்டியாகப் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் ஓட்டுநரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: கூட்டம் இருந்தால் போக வேண்டாம், குட்டிகளோடு இருக்கும் சிவிங்கிப்புலியைத் தொலைவிலிருந்து பார்த்தால் போதும். நெருங்கிப் போனால்தான் நீங்கள் மகிழ்ந்து இனாம் கொடுப்பீர்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். அந்தப் பாரத்தை நீங்களே இறக்கி வைக்க வேண்டும்.

மாராவில் காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஓரிடத்தில் நில்லுங்கள். எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். லைலாக் மார்புப் பனங்காடை ஒரு குச்சி நுனியில் வந்து உட்காரும், நம் பனங்காடையின் பங்காளிதான், மார்பில் மட்டும் கத்திரிப்பூ நிறம். தரை இருவாச்சிகள் நான்கைந்து குடும்பமாக நடந்து வரும், அவற்றின் குரல் தூரத்தில் யாரோ முரசு கொட்டுவது போலக் கேட்கும். மகுடக் கொக்குகள் ஜோடியாக ஆடும். பாறுகள் வானத்தில் ஒரே திசையில் சரிந்து இறங்குவதைக் கண்டால் அந்தத் திசையில் போங்கள், இரை கிடக்கிறது என்று பொருள், சிங்கமும் அங்கேயே இருக்கும். என் மூன்றாவது பயணத்தில் அப்படித்தான் ஒரு வரிக்குதிரைச் சடலத்தைக் கண்டோம், சுற்றி வேறு வண்டியே இல்லை. இரண்டு மணி நேரம் நின்றோம். முதலில் வந்தவை வெண்முதுகுப் பாறுகள், நாற்பதுக்கு மேல், ஆனால் தோலைக் கிழிக்க முடியாமல் கண்ணையும் வாயையும் கொத்திக்கொண்டிருந்தன. பிறகு கழுத்தில் தோல் மடிப்பு தொங்கும் லாப்பெட் பாறு ஒன்று வந்தது. அது இறக்கையை விரித்து நாலு தத்து தத்தியதும் மற்றவை விலகின. அதன் அலகு தோலைக் கிழித்த பிறகுதான் மற்றவைகளுக்குச் சாப்பாடு. நீண்ட கழுத்துக்காரர்கள் தலையை உள்ளே விட்டு இழுத்தார்கள், ஓரத்தில் சின்னஞ்சிறு முக்காட்டுப் பாறுகள் சிதறிய துணுக்குகளைப் பொறுக்கின. என் வாழ்நாளில் நான் பார்த்த மிகச் சிறந்த இரண்டு மணி நேரம் என்று அதைத்தான் சொல்வேன்.

அந்தப் பாறுகள் வேகமாகக் குறைந்துவருகின்றன. நம் நாட்டில் கால்நடைக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து பாறுகளை அழித்தது, தமிழ்நாட்டில் மோயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டித்தான் இப்போது மிஞ்சியிருக்கின்றன. கென்யாவில் காரணம் நஞ்சு. மாட்டைக் கொன்ற சிங்கத்தைப் பழிவாங்கச் சடலத்தில் பூச்சிமருந்து தடவுகிறார்கள், சிங்கம் ஒன்றோ இரண்டோ சாகும், பாறுகள் நூறு சாகும். மாட்டை இழந்த மாசாய் குடும்பத்தின் வலியும் சின்னதல்ல. கன்சர்வன்சிக் குத்தகைப் பணம் நேரே அந்த வீட்டுக்குப் போகிறது என்பதால்தான் அங்கே தங்கச் சொல்கிறேன்.

வண்டி விஷயத்தில், மேல்கூரை திறக்கும் லேண்ட் குரூஸர், உங்கள் மூவருக்கு மட்டும். வழிகாட்டியை வண்டியைவிடக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். கென்யாவில் தொழில்முறை சஃபாரி வழிகாட்டிகள் சங்கம் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் கொடுக்கிறது. வெள்ளித் தரமும் பறவை ஆர்வமும் உள்ளவர் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். ஆர்வம் உண்டா என்று அறிய ஒரு வழி: பார்க்க விரும்பும் பத்துப் பறவைகளின் பட்டியலை அனுப்பி எது எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். உண்மையான பறவைக்காரர் இரண்டு பக்கம் பதில் எழுதுவார். ஒலிப்பதிவைப் போட்டுப் பறவையை வரவழைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, அது வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள், கூடு கட்டும் பறவைக்கு அது வீண் பதற்றம்.

இனி வேகமாகச் சில காரியங்கள். கென்யாவுக்கு 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதில் இ-டிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம், அது கென்யாவுக்காக அல்ல, இந்தியா திரும்பும்போது சான்றிதழ் இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், ஊசி போட்டுப் பத்து நாளுக்குப் பிறகே செல்லும், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். மலேரியா மாத்திரைக்கு மருத்துவரைக் கேளுங்கள், மகளின் எடைக்கு ஏற்ற அளவு வேறு. மாரா கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல், அதிகாலையில் திறந்த வண்டியில் நடுங்கும், ஸ்வெட்டரும் குல்லாவும் வேண்டும். அடர்நீலமும் கறுப்பும் உடுத்தாதீர்கள், செட்சி ஈ அந்த நிறத்தைத் தேடி வரும், கடி சுரீரென்று இருக்கும். பிளாஸ்டிக் பை நாட்டிலேயே 2017லிருந்து தடை, பெட்டியில் ஒன்றுகூட வேண்டாம், மஞ்சப்பை கொண்டுபோங்கள். சிறு விமானத்தில் போவதானால் ஆளுக்குப் பதினைந்து கிலோதான், அதுவும் துணிப்பையில். சைவச் சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம், சப்பாத்தியும் சமோசாவும் கென்யாக்காரர்களின் அன்றாட உணவாகி மூன்று தலைமுறை ஆகிவிட்டது.

கேமராவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 400 மில்லிமீட்டருக்குக் குறையாத லென்ஸ் ஒன்று போதும், மூவருக்கும் சேர்த்து. ஆனால் பைனாகுலர் ஆளுக்கு ஒன்று, 8x42 (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர்). ஒன்றை மூன்று பேர் மாற்றி மாற்றிப் பார்ப்பதற்குள் பறவை போய்விடும், பிள்ளைகள் அப்படித்தான் ஆர்வம் இழக்கிறார்கள். மகளுக்கு ஒரு நோட்டும் கொடுங்கள், அன்றன்று பார்த்ததைச் சுவாஹிலிப் பெயரோடு வழிகாட்டியிடம் கேட்டு எழுதட்டும். சுவாஹிலியில் பறவைக்கும் விமானத்துக்கும் ஒரே சொல், ன்டேகே. அதைச் சொன்னால் ரசிப்பாள்.

கடைசியாக, மாராவில் ஒரு இரவைக் குறைத்து நைரோபியில் தங்க முடிந்தால், திரும்பும் விமானத்தைப் புதன்கிழமை இரவுக்கு எடுக்கப் பாருங்கள். நைரோபி தேசிய அருங்காட்சியகத்திலிருந்து புதன்தோறும் காலையில் நேச்சர் கென்யா அமைப்பினர் பறவை நடை போகிறார்கள், 1970களிலிருந்து நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள், ஓய்வு பெற்றவர்கள், வழிகாட்டியாகப் படிக்கும் இளைஞர்கள் என்று கலவையான கூட்டம், வெளியூர்க்காரர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். எட்டரைக்கு வாசலில் போய் நின்றால் போதும்.